தக்காளிக்கு எவ்வளவு உரம்?

கர்நாடக மாநிலத்தின் கோலார் மாவட்டம் தக்காளிக்குப் பெயர் பெற்றது. வற்றாத ஆறு எதுவும் இல்லாத அம்மாவட்டத்தில், உழவர்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சொட்டுநீர்க் குழாய்களில் செலுத்திப் பயிர் வளர்க்கின்றனர். அத்துணை அரிய நீரால் விளையும் பயிருக்கு உரத்தை அளவறியாமல் இடுவது தகுமா?

யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து உள்ளது. அதை இட்ட சில நாள்களிலேயே செடி கரும்பச்சையாகத் தழைத்து நிற்கும். காண்பவர் கண்ணுக்கு அது செழிப்பாகத் தோன்றும். ஆனால் தழைச்சத்து மிகுந்த செடி இலையையும் தண்டையுமே பெருக்கும், பூப்பது தாமதமாகும், காய் குறையும். இளந்தளிரைத் தேடிச் சாறு உறிஞ்சும் பூச்சிகளும் வந்துசேரும். தழையை வளர்ப்பது தழைச்சத்து, மணியைத் திரட்டுவது மணிச்சத்து என்று தமிழ்ப் பெயர்களே அவற்றின் பணியைக் கூறிவிடுகின்றன. மணிச்சத்து வேர் ஊன்றும் நாள்களிலேயே தேவைப்படுவதால் அதை அடியுரமாக இடுதல் வேண்டும். காய்க்கும் பருவத்தில் தக்காளி மிகுதியாக நாடுவது சாம்பல் சத்தையே; கனியின் நிறமும் கெட்டித்தன்மையும் அதனால் அமைகின்றன. தழைச்சத்தையும் சாம்பல் சத்தையும் பல தவணைகளாகப் பிரித்துக் கொடுத்தால் வேர் அவற்றை நன்கு ஏற்கும். ஒரே முறையில் கொட்டினால் தழைச்சத்தில் ஒரு பகுதி நீரோடு கீழே இறங்கியும் காற்றில் கலந்தும் வீணாகும்.

காயின் நுனி கறுத்து அழுகும் குறை ஒன்றும் உண்டு. அத்தகைய காயைச் சந்தையில் எவரும் வாங்கார். காயில் சுண்ணாம்புச் சத்து குறைவதே அதற்குக் காரணம். மண்ணில் அச்சத்து இருந்தும் இக்குறை தோன்றுவதுதான் வியப்பு. சுண்ணாம்புச் சத்து நீருடன்தான் செடிக்குள் பயணம் செய்கிறது. ஒருநாள் மிகுதியாகப் பாய்ச்சிப் பின் பல நாள் காயவிட்டால், அது காயைப் போதிய அளவில் சென்றடையாது. அம்மோனியா வடிவிலான உரம் மிகுந்தாலும் வேர் அதை ஏற்பது தடைப்படும்.

பழியை உழவர்மேல் மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. அரசு மானியத்தால் 45 கிலோ யூரியா மூட்டை சுமார் 270 ரூபாய்க்குக் கிடைக்கிறது. சாம்பல் சத்து தரும் பொட்டாஷ் உரத்தின் விலையோ அதைப்போல் பல மடங்கு. மலிவானதை மிகுதியாக வாங்குவது மனித இயல்பு. 2015ஆம் ஆண்டு தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம், மண்ணின் கார அமில நிலையையும் சத்துகளின் அளவையும் உழவருக்கு எழுதிக் கொடுக்கிறது. அட்டை ஒருபுறமும் மூட்டையின் விலை மறுபுறமும் இழுத்தால் எது வெல்லும்? மற்ற இரு சத்துகளும் எட்டும் விலையில் கிடைக்குமாறு மானியத்தை மாற்றி அமைத்தால்தான் அட்டையில் உள்ளது வயலுக்கு வரும்.