நடப்பவருக்கு மலை திறந்திருக்கட்டும்

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீ, மலையேறப் போன 23 பேரின் உயிரைப் பறித்தது. அதன்பின் யாரையும் மலைக்குள் விடாமல் இருப்பதே பாதுகாப்பு என்ற எண்ணம் வலுத்தது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை இணையவழி முன்பதிவுடன் திறந்தது நல்ல திருப்பம். ஆங்காங்கே ஒரு விபத்து நடந்தால் அதைக் காரணம் காட்டி இந்தக் கதவைச் சாத்திவிடக் கூடாது.

மேற்குத் தொடர்ச்சி மலையை நசுக்குவது நடப்பவரின் செருப்பு அல்ல, வாகனம். நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் மட்டுமே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025-இல் வரம்பு கட்ட வேண்டியிருந்தது. வரம்பே இவ்வளவு என்றால் அதற்கு முந்தைய கூட்டத்தைச் சொல்லவும் வேண்டுமா? வழிகாட்டியோடு பத்துப் பேர் ஒற்றையடிப் பாதையில் போய்வருவதையும் இதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

காட்டுக்குள் மனிதக் காலடியே கூடாது என்போரின் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. வரையாடு குட்டி ஈனும் காலத்தில் கேரளத்தின் இரவிகுளம் பூங்காவை மூடிவிடுகிறார்கள். புல் காய்ந்து ஒரு பொறிக்குக் காத்திருக்கும் கோடைத் தொடக்கத்திலும் மலையேற்றத்தை நிறுத்தத்தான் வேண்டும். ஆண்டு முழுக்க மூடுவதற்கு அது காரணமாகாது.

தீயைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாம் மூடுபனியைப் பற்றிப் பேசுவதில்லை. சோலைக்காடு மடிப்புகளிலும் புல்வெளி சரிவுகளிலுமாக இருக்கும் உயரத்தில், பத்தடி முன்னால் போகிறவர் கண்ணெதிரே கரைந்துபோவார். மனிதர் நடந்த தடமும் காட்டுமாடு நடந்த தடமும் ஒன்றுபோலத் தெரியும். தடம் தவறி இறங்கினால் கீழே பாறையா பள்ளமா என்று கைப்பேசி வரைபடம் சொல்லாது. அந்தச் சரிவில் வளர்ந்த பழங்குடி வழிகாட்டிக்குத் தெரியும். காட்டுமாட்டின் வாடையை வைத்தே நின்றுவிடுவார்.

எனவே அவர் பேச்சே இறுதியாக இருக்க வேண்டும். "இன்னைக்கு வேண்டாம் சார், பனி கட்டிருக்கு" என்று அவர் சொன்ன பிறகும், காசு கட்டிவிட்டோம் என்று வற்புறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நெருக்கடி வழிகாட்டியின் தலையில் விழக் கூடாது. பயணம் ரத்தானால் முழுத் தொகையும் திரும்ப வரும், வழிகாட்டியின் அன்றைய கூலியும் குறையாது என்பது விதியிலேயே இருக்கட்டும்.

கட்டணமும் யோசிக்க வேண்டியது. நகரத்து ஐ.டி. ஊழியருக்கு அது பெரிதில்லை. போடியிலும் கூடலூரிலும் அரசுக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள், தினமும் பார்க்கும் மலையில் ஒருமுறை ஏற அதே தொகையைக் கட்ட வேண்டுமா? வாரத்தில் ஒரு நாளையாவது மலையடிவார மாவட்ட மாணவர்களுக்குப் பெயரளவுக் கட்டணத்தில் ஒதுக்க வனத்துறை முன்வர வேண்டும்.