கற்பித்தலை அளக்கும் அளவுகோல் எது?



2025ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு, ஆசிரியர் குடும்பங்களில் பெரும் கலக்கத்தை உண்டாக்கியது. ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்களில், ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள், இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் வெற்றி பெற வேண்டும். இல்லையேல் பணியில் நீடிக்க முடியாது என்றது அத்தீர்ப்பு. இருபது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகை முன் நின்றவர்களும் இதற்கு விலக்கல்ல. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வியை நீதிபதிகள் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பினர். ஆகவே நம் கத்தோலிக்கப் பள்ளிகளின் ஆசிரியர்களும் இதைக் கவலையோடு கவனித்தார்கள்.

சட்டத்தின் நியாயங்களைச் சட்டம் அறிந்தவர்கள் பேசட்டும். பெற்றோராகவும் பங்குமக்களாகவும் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று. ஓர் ஆசிரியர் நன்றாகக் கற்பிக்கிறார் என்பதை எதை வைத்து அறிவது? அவர் எழுதும் தேர்வை வைத்தா? அவருடைய மாணவர்கள் எழுதும் தேர்வை வைத்தா? அல்லது இரண்டையும் தாண்டி வேறு அளவுகோல் உண்டா?

தமிழகத்தில் 2012ஆம் ஆண்டு நடந்த முதல் தகுதித் தேர்வை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். தேறியவர்கள் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. பாடம் தெரியாதவர் பாடம் நடத்த முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஆசிரியருக்கு என்ன தெரியும் என்பதை மட்டுமே அத்தேர்வு சொல்லும். பிள்ளை என்ன கற்றுக்கொண்டது என்பதை அது சொல்லாது.

முதலியார்குப்பத்தில் தொடங்கியது

இந்தக் கேள்விக்கு விடை தேட நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் கடற்கரைக்குப் போனால் போதும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்பவர்களுக்கு வெள்ளை வெள்ளையாய்க் குவிந்திருக்கும் உப்புக் குவியல்கள் தெரியும். அவற்றின் பின்னால் இருக்கும் பிள்ளைகள் தெரிவதில்லை. மழைக்காலம் தவிர்த்த மாதங்களில் பெற்றோர் விடியும் முன்பே உப்பளத்துக்குச் சென்றுவிடுவார்கள். மழை தொடங்கினால் வேலை இல்லை, வருமானமும் இல்லை. இந்த வீடுகளில் மாலையில் பாடம் சொல்லித் தர ஆள் கிடைப்பது அரிது.

கொரோனா காலத்தில் 2020 மார்ச் முதல் ஏறத்தாழ 19 மாதங்கள் தொடக்கப் பள்ளிகள் மூடிக்கிடந்தன. கைப்பேசி வழிப் பாடம் இந்த வீடுகளுக்கு எந்த அளவுக்கு எட்டியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பள்ளிகள் மீண்டும் திறக்க இருந்த வேளையில், 2021 அக்டோபர் 27 அன்று, முதல்வர் மு.க.ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தைத் தொடங்கி வைத்த இடம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பம். அந்தந்த ஊரைச் சேர்ந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள், மாலையில் ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம் சுமார் இருபது பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். தொடக்க வகுப்புகளுக்குச் சொல்லித்தர பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. ‘இதனால் என்ன பெரிதாக விளைந்துவிடும்?’ என்று கேட்டவர்களும் உண்டு.

அதற்கு விடை கிடைத்தது. அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள், தமிழகக் கிராமங்களில் தொடக்கப்பள்ளி வயதுடைய சுமார் 19,000 பிள்ளைகளின் கற்றலைச் சோதித்தார்கள். அதே கிராமங்களில் 2019ஆம் ஆண்டே சோதனை நடந்திருந்ததால் ஒப்பிட முடிந்தது. 2021 டிசம்பரில் பிள்ளைகள், 2019இல் அதே வயதில் இருந்தவர்களைவிட வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். மொழிப்பாடத்தில் ஏற்பட்ட பின்னடைவைப்போல் கணக்கில் இரண்டு மடங்கு. ஆனால் பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களுக்குள், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டது. அந்த மீட்பில் சுமார் 24 விழுக்காடு, மாலை வகுப்புகளால் வந்தது என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, ஏழைப் பிள்ளைகள்தாம் அதிகம் இழந்திருந்தார்கள். வேகமாக மீண்டவர்களும் அவர்களே. இரண்டாவது, மீட்பில் நான்கில் ஒரு பங்குதான் மாலை வகுப்பால் வந்தது. பள்ளிகள் திறந்ததும் ஆசிரியர்கள் வகுப்புக்குத் திரும்பியதும் இல்லாமல் மற்றது வந்திருக்காது. ஆக, தன்னார்வலரைக் காட்டி ஆசிரியரைக் குறைசொல்லவும் இதில் இடமில்லை. தகுதிச் சான்றைக் காட்டித் தன்னார்வலரை இகழவும் இடமில்லை.

இந்த உண்மை நமக்குத் தெரிந்தது எப்படி? பிள்ளை முன்பு எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று இரண்டு முறை அளந்ததால்தான்.

நூறு விழுக்காட்டின் மயக்கம்

நம் ஊர்களில் நாம் அறிந்த அளவுகோல் ஒன்றே ஒன்று. அது மே மாதத்தில் பள்ளி வாசலில் தொங்கும் பதாகை: ‘நூறு விழுக்காடு தேர்ச்சி’. மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017இல் கைவிட்டது. ஆனாலும் தேர்ச்சி விழுக்காட்டின் மீதுள்ள மோகம் நம்மை விட்டுப் போகவில்லை.

தேர்ச்சி விழுக்காடு கடைசி நாளை மட்டும் பார்க்கிறது. வீட்டில் படித்த பெற்றோரும் மாலையில் தனிப்பயிற்சியும் வாய்த்த பிள்ளையும், உப்பளக் கூலியின் பிள்ளையும் அதற்கு ஒன்றுதான். ஏழாம் வகுப்புக்கு வரும்போது எழுத்துக்கூட்டி வாசிக்கவும் தடுமாறிய சிறுமியை, பத்தாம் வகுப்பில் 34 மதிப்பெண் வரை கொண்டுவந்த ஆசிரியர் அந்தக் கணக்கில் தோற்றவர். எப்படியும் தேறக்கூடியவர்களை மட்டும் சேர்த்துக்கொண்ட பள்ளி வென்றது. இது நீதியா?

உப்பளத் தொழிலாளியிடம் கேட்டுப் பாருங்கள். கடைசியில் குவியும் உப்பை மட்டும் பார்த்து அவர் வேலை செய்வதில்லை. உவர்நீரைப் பாத்தி பாத்தியாகக் கடத்தி, அதன் அடர்த்தி எத்தனை ‘டிகிரி’ ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே வருவார். கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரியில் இருக்கும். 25 டிகிரியை நெருங்கினால்தான் உப்பு பூக்கும். பத்து டிகிரியில் நிற்கும் நீரை ‘தோற்ற நீர்’ என்று அவர் கொட்டிவிடுவதில்லை. இன்னும் எவ்வளவு வெயில் வேண்டும் என்று பார்க்கிறார்.

கற்றலுக்கும் அப்படித்தான் ஓர் அளவு வேண்டும். பிரதம் அமைப்பின் ‘அசர்’ ஆய்வு 2022இல் சொன்னது நினைவிருக்கலாம்: கிராமப்புறத் தமிழகத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தது. அதே ஆண்டு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் கற்றல் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குவது என்பதே அதன் கருத்து.

அளவுகோல் சாட்டையானால்

அப்படியானால் ஒவ்வோர் ஆசிரியரும் பிள்ளைகளை எத்தனை படி ஏற்றினார் என்று கணக்கிட்டு, அதற்கேற்பச் சம்பளம் தரலாமே என்று சிலர் கேட்கலாம். இது புதிய யோசனை அல்ல. இங்கிலாந்தில் 1862 முதல் தேர்வு முடிவைப் பார்த்துப் பள்ளிகளுக்கு மானியம் கொடுத்தார்கள். சென்னை மாகாணத்திலும் அம்முறை இருந்தது. ஆய்வாளர் கேட்கும் கேள்விகளுக்கு மட்டும் மனப்பாடம் செய்வித்தல் பெருகியது. 1890களில் இங்கிலாந்து அதைக் கைவிட்டது. அண்மைக் காலத்தில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில், மதிப்பெண்ணைக் காட்டியே தீர வேண்டும் என்ற அழுத்தத்தில் ஆசிரியர்களே விடைத்தாள்களைத் திருத்தியதை 2011ஆம் ஆண்டு விசாரணை வெளிக்கொணர்ந்தது. 44 பள்ளிகளில் 178 பேர்!

மறுபக்கமும் உண்டு. ஆந்திரக் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. அங்கே ஊக்கத்தொகை தேர்ச்சி விழுக்காட்டுக்கு அல்ல, பிள்ளைகளின் சராசரி முன்னேற்றத்துக்குத் தரப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் கணக்கிலும் மொழியிலும் தெளிவான உயர்வு. ஊக்கத்தொகையோடு தொடர்பில்லாத அறிவியல், சமூக அறிவியல் பாடங்களிலும் உயர்வு. ஆசிரியர் விடுப்பு குறையவில்லை. ஆனால் வந்த நாள்களில் கூடுதலாகக் கற்பித்தார்கள். எதை அளக்கிறோம் என்பது எத்தனை முக்கியம் என்பதை இது காட்டுகிறது.

எனினும் கடற்கரைச் சிற்றூர்ப் பள்ளியில் ஒரு வகுப்பில் ஐந்து பிள்ளைகள் இருந்தால், ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்தாலே கணக்கு 20 விழுக்காடு சரியும். 2023இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும், 2024இல் கிராமப்புற அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவு வந்தது. பசியாறிய பிள்ளை நன்றாகப் படித்தால், அந்தப் பெருமை ஆசிரியருக்கா, உப்புமாவுக்கா? எனவே ஓர் ஆண்டின் எண்ணை வைத்து ஒருவரின் பிழைப்பைத் தீர்மானிப்பது அநீதி. அந்த எண் ஆசிரியருக்கு வழிகாட்ட வேண்டும். அவரைத் தண்டிக்கக் கூடாது.

நாம் என்ன செய்யலாம்?

தாலந்து உவமையில் தலைவர், ஐந்தைப் பெருக்கியவரையும் இரண்டைப் பெருக்கியவரையும் ஒன்றுபோலவே பாராட்டினார். யார் அதிகம் குவித்தார் என்று அவர் ஒப்பிடவில்லை. அவரவர் பெற்றதிலிருந்து எவ்வளவு வளர்த்தார்கள் என்றே பார்த்தார். நம் கத்தோலிக்கப் பள்ளிகள் ஏழைகளுக்காகத் தொடங்கப்பட்டவை என்று மேடைதோறும் சொல்கிறோம். அப்படியானால் தேர்ச்சி விழுக்காடு குறையும் என்று அஞ்சி, மெல்லக் கற்கும் பிள்ளையைச் சேர்க்கத் தயங்கும் எந்தப் பள்ளியும் தன் நோக்கத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பள்ளி நிர்வாகத்தில் இருக்கும் அருள்பணியாளர்களும் அருட்சகோதரிகளும் ஒன்று செய்யலாம். ஜூன் மாதத்திலேயே ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லி, ஒரு கழித்தல் கணக்குப் போடச் சொல்லிக் குறித்துக்கொள்ளலாம். டிசம்பரில் ஒருமுறை, மார்ச்சில் ஒருமுறை மீண்டும் பார்க்கலாம். இதற்குப் பெரிய செலவில்லை. எந்தப் பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்கிறதோ, அந்தப் பிள்ளைக்காக ஆசிரியரோடு உட்கார்ந்து பேசலாம். ஆண்டுவிழாவில் முதல் மதிப்பெண்ணுக்குப் பரிசு தரும்போது, அதிக தூரம் கடந்த பிள்ளைக்கும் ஒரு பரிசு தரலாம்.

பெற்றோரான நாமும் நம் கேள்வியை மாற்றலாம். ‘உங்கள் பள்ளியில் எத்தனை விழுக்காடு?’ என்று கேட்பதை நிறுத்தி, ‘ஜூனில் என் பிள்ளை எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது?’ என்று கேட்போம். படித்த இளைஞர்கள் உள்ள பங்குகளில், மாலையில் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார நால்வர் முன்வந்தாலே போதும். அதன் பலனை முதலியார்குப்பத்தில் தொடங்கிய முயற்சி காட்டிவிட்டது.

தகுதித் தேர்வில் ஆசிரியர்கள் வெல்லட்டும், வாழ்த்துவோம். ஆனால் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் உப்பளத் தொழிலாளியின் மகள் இந்த ஆண்டு ஒரு கதையைத் தானே வாசித்து முடித்தால், அதற்குக் காரணமான ஆசிரியரையும் அடையாளம் கண்டு கைகுலுக்குவோம். அந்த மாற்றத்தைக் காணும் கண் நம் பள்ளிகளுக்கு இருக்கிறதா? சிந்திப்போம்.