நிலமும் பொழுதும் இழந்த கோப்பை

2018 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் கூடிய சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் பொதுக்குழு, டேவிஸ் கோப்பையின் வடிவத்தை மாற்றுவதென்று முடிவெடுத்தது. மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவைப்பட்ட தீர்மானத்துக்கு 71 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கிடைத்தன. பின்னணியில் இருந்தது பார்சிலோனா கால்பந்து வீரர் ஜெரார்ட் பிக்கேயின் காஸ்மாஸ் நிறுவனம். 25 ஆண்டுகள், 300 கோடி டாலர் என்பது ஒப்பந்தம். 1900ல் பாஸ்டன் நகரப் புல்தரையில், டுவைட் டேவிஸ் என்ற ஹார்வர்டு மாணவர் கொடுத்த வெள்ளிக் கிண்ணத்துக்காக அமெரிக்காவும் பிரித்தானியத் தீவுகளும் ஆடிய ஆட்டம், அன்று வேறொன்றாக மாறியது.

என்ன மாறியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்பு இரு நாடுகளில் ஒன்றின் மண்ணில், வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாட்கள், ஐந்து ஆட்டங்கள், ஒவ்வொன்றும் ஐந்து செட்கள் வரை. எந்தத் தரையில் ஆடுவது என்பதை உள்ளூர் நாடு தீர்மானிக்கும். புதிய இறுதிச் சுற்றில் பதினெட்டு நாடுகள் ஒரே நகரில் ஒரே வாரத்தில் கூடும். இரண்டு ஒற்றையர் ஆட்டம், ஓர் இரட்டையர் ஆட்டம், மூன்று செட்கள். ஒரே நாளில் முடிந்துவிடும்.

ரசிகர்களின் கோபம் உடனே வெளிப்பட்டது. ஆஸ்திரேலிய அணித்தலைவர் லெய்டன் ஹெவிட்டும் பிரான்ஸின் லூகா பூயும் கடுமையாகச் சாடினார்கள். பிரான்ஸ் அணியின் ரசிகர் சங்கம் 2019ல் மாட்ரிட் நகரில் நடந்த முதல் இறுதிச் சுற்றைப் புறக்கணித்தது. ஒரு விளையாட்டின் விதிகள் மாறுவதற்கு ஏன் இத்தனை துக்கம் என்று அப்போது நண்பர்கள் சிலர் கேட்டார்கள். கிரிக்கெட் ஐந்து நாளிலிருந்து ஒரு நாளாகி, பின் மூன்று மணி நேரமாகவும் ஆகவில்லையா என்றார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இருபது ஓவர் ஆட்டம் வந்தபோது யாரும் டெஸ்ட் ஆட்டத்தை எடுத்துவிட்டு அதன் பெயரை இதற்குச் சூட்டவில்லை. இங்கே நடந்தது அதுதான்.

குறுகியது என்பதால் ஒன்று குறைந்ததாகிவிடாது. ஈரடிக் குறளைத் தலைமேல் வைத்திருக்கிற நாம் அப்படிச் சொல்லவே முடியாது. (வாரப் பத்திரிகைச் சிறுகதை ஆறு பக்கத்திலிருந்து ஒரு பக்கமாகச் சுருங்கிய கதையை இங்கே நான் இழுக்கவில்லை. அதற்குத் தனியாக அழ வேண்டும்.) நீளம் பிரச்சினையில்லை. தொல்காப்பியம் பயின்றவர்களுக்கு இதை விளக்குவது எளிது. நிலமும் பொழுதும் முதற்பொருள். கருப்பொருளும் உரிப்பொருளும் அவற்றின்மேல் அமைகின்றன. குறிஞ்சிக்கு மலையும் கூதிர்காலமும் யாமமும் எவ்வளவு இன்றியமையாதவையோ, அவ்வளவு இன்றியமையாதவை டேவிஸ் கோப்பைக்கு ஒரு நாட்டின் தரையும் மூன்று நாள் பொழுதும். 2018ல் முதற்பொருளை எடுத்துவிட்டு உரிப்பொருளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நாட்டுப்பற்று என்ற உரிப்பொருள், ஊன்றிக்கொள்ள மண்ணில்லாமல் மாட்ரிட் அரங்கின் காலி இருக்கைகளுக்கு நடுவே மிதந்துகொண்டிருந்தது.

இது வெறும் உவமை என்று தோன்றினால் 2010 செப்டம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். உலகக் குழுவில் நீடிப்பதற்கான ஆட்டம், எதிரணி பிரேசில். முதல் நாள் இரண்டு ஒற்றையர் ஆட்டங்களிலும் இந்தியா தோற்றது. இரண்டாம் நாள் பயஸும் பூபதியும் இரட்டையரை வென்றார்கள். மூன்றாம் நாள் சென்னை வெயில் தன் வேலையைக் காட்டியது. பிரேசிலின் முதல்நிலை வீரர் தாமஸ் பெல்லூச்சி, சோம்தேவ் தேவ்வர்மனுக்கு எதிரான ஆட்டத்தை முடிக்க முடியாமல் பாதியில் விலகினார். கடைசி ஆட்டத்தில் ரோகன் போபண்ணா, ரிக்கார்டோ மெல்லோவை வீழ்த்த, 0-2 என்றிருந்தது 3-2 ஆனது. அந்த வெற்றியில் பாதி சென்னையுடையது, பாதி மூன்றாம் நாளுடையது. புதிய இறுதிச் சுற்றின் கணக்கில் அந்த மோதல் முதல் நாள் மாலையே முடிந்திருக்கும். இரட்டையர் ஆட்டம் வெறும் சடங்காகியிருக்கும்.

இன்னும் பின்னோக்கிப் போனால் 1974, கல்கத்தா. ஆஸ்திரேலியாவை இந்தியா 3-2 என வென்ற அந்த மோதலில் மொத்தம் 327 கேம்கள். விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் ஜான் அலெக்சாண்டர், காலின் டிப்ளி இணையை வென்ற இரட்டையர் ஆட்டம் மட்டும் 99 கேம்கள்: 17-15, 6-8, 6-3, 16-18, 6-4. இந்த எண்களை உரக்க வாசித்தால் அதில் ஒரு ஓசையிருப்பது தெரியும். அந்த ஆண்டு இந்தியா இறுதிக்குச் சென்றது. எதிரணி தென்னாப்பிரிக்கா என்பதால், நிறவெறி அரசை எதிர்த்து ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலேயே தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. ஒரு நாடு தன் பெயரில் ஆடுகிறது என்பதற்கு உண்மையான பொருள் இருந்ததால்தான் ஆடாமல் இருப்பதற்கும் பொருள் இருந்தது.

ஆனால் பழையதெல்லாம் பொன் என்று பாடவும் எனக்கு விருப்பமில்லை. 1966ல் ராமநாதன் கிருஷ்ணன் கல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் காக்கை வென்ற ஆட்டத்தைப் பற்றிக் கேள்விப்படாத டென்னிஸ் ரசிகர் இல்லை. செட் கணக்கில் 1-2 என்றும், நான்காம் செட்டில் 2-5 என்றும் பின்தங்கி, அங்கிருந்து மீண்டு வென்றார். நாகர்கோவிலில் பிறந்த அந்த மனிதரின் மென்மையான ஆட்டத்துக்கு ஐந்து செட் வடிவம் இல்லாமலிருந்தால் அப்படியொரு நாள் வாய்த்திருக்காது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். அன்றைய விதிப்படி கோப்பையை வைத்திருக்கும் நாடு மற்றச் சுற்றுகளில் ஆட வேண்டியதில்லை. இந்தியா சுற்றுச்சுற்றாக வென்று மெல்போர்ன் போய் இறங்கியபோது ஆஸ்திரேலியா அவ்வாண்டுக் கோப்பையில் அதுவரை ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் நியூகோம்ப், ரோச் இணையை வென்றது ஒன்றே ஆறுதல். முடிவு 4-1. அந்த அநியாய விதியை 1972ல் எடுத்தார்கள். 1989ல் ஐந்தாவது செட் தவிர மற்றவற்றில் டைபிரேக் வந்தது, 2016ல் ஐந்தாவதிலும். இவற்றில் எதற்கும் யாரும் ஊர்வலம் போகவில்லை. ஆக, ரசிகர்கள் மாற்றத்துக்கே எதிரிகள் என்ற வாதம் நிற்காது.

எங்கள் ஊரில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. போடிமெட்டுக்கு மேலே தோட்டம், கீழே போடிநாயக்கனூரில் வீடு. டென்னிஸ் பேச இந்த ஊரில் எனக்கிருக்கும் மிகச் சில துணைகளில் ஒருவர். 1974 ஆட்டத்தைத் தோட்டத்துக் கொட்டகையில் வானொலியில் கேட்டவர். மாட்ரிட் மாற்றத்தைப் பற்றி நான் பொரிந்து தள்ளியபோது அவர் சிரித்தார்.

“வாத்தியாரய்யா, எங்க ஏலத்தையே எடுத்துக்கங்க. அந்தக் காலத்துல கூவித்தான் கேப்பாக. ஒருத்தன் மூஞ்சியப் பாத்தே எம்புட்டு வரைக்கும் போவான்னு சொல்லிப்புடலாம். அது ஒரு திருவிழா. இப்பக் கம்ப்யூட்டருல பொத்தான அமுக்குறான். சத்தமே இல்ல. ஆனா எந்தச் சரக்கு யாருதுன்னு பாத்து வெல கொறைக்கிற சோலி கொறஞ்சுபோச்சுல்ல?”

“அப்ப இதுவும் சரிங்கிறீகளா அய்யா?”

“அத எப்படிச் சரிங்கிறது? காயி எங்க மலைக் காயிதான? மலைய மாத்தலையே.”

அவர் தொல்காப்பியம் படித்தவரல்லர். ஆனால் நான் ஒரு பத்தி எழுதிச் சொன்னதை மூன்று சொல்லில் சொல்லிவிட்டார். கேட்கும் முறை மாறலாம், விலை எழுதும் கருவி மாறலாம். காய் எந்தச் சரிவில் எந்த நிழலில் விளைந்தது என்பதை மாற்றினால் அது வேறு காய்.

பொதுவான களம் என்பது எல்லோருக்கும் சமம், உள்ளூர்ச் சாதகம் அநியாயம் என்பது மாற்றத்தை ஆதரித்தவர்களின் வலுவான வாதம். கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் அதுவும் உதிர்கிறது. 2019ல் ‘பொது’க் களம் மாட்ரிட். வென்றது ஸ்பெயின். 2025ல் பொலோன்யா. வென்றது இத்தாலி. பொதுக்களம் என்று ஒன்று பூமியில் இல்லை. பணம் கட்டி வாங்கிய நாட்டின் களம்தான் உண்டு. (எல்லா முறையும் அது பலித்தது என்றும் சொல்ல முடியாது. 2024ல் சொந்த மலாகாவில், ரஃபேல் நடால் தன் கடைசி ஆட்டத்தில் தோற்று, அணியும் காலிறுதியில் வெளியேறியது.) பழைய முறையில் அந்தச் சாதகம் மாறிமாறி வரும். இந்த முறை நீ என் ஊருக்கு வந்தால் அடுத்த முறை நான் உன் ஊருக்கு வருவேன். இதில் ஒரு சம்பந்தி மரியாதை இருந்தது.

உள்ளூர்ச் சாதகத்தில் வேடிக்கைகளும் உண்டு. டெல்லியிலும் கல்கத்தாவிலும் பந்து எழும்பாத புல்தரையை நாம் விரித்து வைப்போம், களிமண்ணில் வளர்ந்தவர்கள் வந்து திணறுவார்கள். 1995ல் டெல்லிப் புல்லில் லியாண்டர் பயஸ், முதலிரு செட்களை இழந்த பிறகு கோரன் இவானிசெவிச்சை வென்றது அப்படித்தான். பதிலுக்கு 1987 இறுதிக்கு நாம் போனபோது ஸ்வீடன், டிசம்பர்க் குளிரில் கோதன்பர்க் நகரின் உள்ளரங்கில் களிமண்ணைக் கொட்டி ஆடுதரை அமைத்தது. பனிநாட்டில் வெயில்நாட்டுத் தரை. திணைமயக்கத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வகுப்பில் எனக்குக் கிடைத்ததில்லை. 5-0 எனத் தோற்றோம். அதே ஆண்டு சிட்னியில் கடைசி ஆட்டத்தில் ரமேஷ் கிருஷ்ணன் வாலி மசூரை வென்று நம்மை அந்த இறுதிக்குக் கொண்டுவந்திருந்தார் என்பதால் வலி குறைவு. அயலூரில் வெல்வதன் இனிமை, அது அயலூர் என்பதில்தான் இருக்கிறது. நிலம் மட்டுமே வெற்றி தந்துவிடும் என்றும் சொல்லவில்லை. 2019 பிப்ரவரியில் கல்கத்தா சவுத் கிளப் புல்லில் இத்தாலியை வரவழைத்தோம். 3-1 என அவர்களே வென்று போனார்கள்.

மாட்ரிடில் என்ன நடந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அமெரிக்காவுக்கும் இத்தாலிக்கும் இடையிலான மோதல் அதிகாலை 4 மணி 4 நிமிடத்துக்கு முடிந்தது. கனடா தன் இரட்டையர் ஆட்டத்தை ஆடாமல் விட்டுக்கொடுக்க, அது 6-0, 6-0 என்று கணக்கில் ஏறியது. 2014ல் பிரான்ஸின் லீல் நகரில் நடந்த பழைய பாணி இறுதியை ஒரே நாளில் பார்த்தவர்கள் 27,448 பேர். இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்தால் போதும்.

காஸ்மாஸின் இருபத்தைந்து ஆண்டுகள் ஐந்தாண்டுகூட நிலைக்கவில்லை. 2023 ஜனவரியில் ஒப்பந்தம் முறிந்தது. கூட்டமைப்பு அதன்பின் ஒவ்வோர் அடியாகத் திரும்பி நடக்கிறது. 2025 முதல் தகுதிச் சுற்றுகள் இரண்டும் ஏதேனும் ஒரு நாட்டின் மண்ணில் நடக்கின்றன. கடைசி எட்டு அணிகள் மட்டும் ஒரே நகரில் கூடுகின்றன. ரசிகர்கள் வென்றுவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பணம் தோற்ற இடத்தில் அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள், அவ்வளவே.

இதற்கிடையில், இந்தியா ஆடிக்கொண்டிருந்த கீழ்க்குழுக்களை ஒப்பந்தக்காரர்கள் கண்டுகொள்ளவில்லை. லாபம் இல்லாத இடம். அதனால் அங்கே உள்ளூர், அயலூர் முறையும் ஐந்து ஆட்டங்களும் பிழைத்துக் கிடந்தன, மூன்று செட், இரண்டு நாள் என்று மெலிந்தாலும். அந்த மெலிந்த வடிவத்தில்தான் 2025 செப்டம்பரில் ஸ்விட்சர்லாந்தின் பியல் நகரில் இந்தியா 3-1 என வென்றது. ஐரோப்பிய மண்ணில் ஓர் ஐரோப்பிய அணியை நாம் வென்றது 1993க்குப் பிறகு அதுவே முதல் முறை. 1993ல் பிரான்ஸின் ஃப்ரெஷூஸில் கடைசி ஆட்டத்தை வென்று தந்தவர் ரமேஷ் கிருஷ்ணன். பியலில் முதல் ஆட்டத்தை வென்றவர், தன் முதல் டேவிஸ் கோப்பை ஆட்டத்தை ஆடிய தக்ஷினேஸ்வர் சுரேஷ். மதுரைக்காரர். போடியிலிருந்து இப்போது அகல ரயிலில் போய் இறங்கிவிடும் தூரம்.

என் கோரிக்கை மிகச் சிறியது. கடைசி எட்டை ஒரு நகரில் வைத்துக்கொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. இறுதி ஆட்டத்தையாவது இறுதிக்கு வந்த இரண்டு நாடுகளில் ஒன்றில் நடத்துங்கள். அரங்கு முன்பதிவு, விடுதி, தொலைக்காட்சி என்று நிர்வாகச் சிக்கல்களை அடுக்குவார்கள். 2018 வரை, செப்டம்பரில் அரையிறுதி முடிந்து நவம்பரில் இறுதி என்று இரண்டே மாத இடைவெளியில் அதை நடத்திக்காட்டியவர்களும் இதே கூட்டமைப்பினர்தாம்.