ஐ7 பாடாது

உயர்தரப் பரீட்சை முடிவு வந்து கம்பஸும் கிடைத்துவிட்டால், எங்கட வீடுகளில் அடுத்து நடக்கிற சடங்கு லப்டொப் வாங்குவது. வெளிநாட்டில் இருக்கிற மாமாவுக்குக் கோல் போகும். கட்டின சீட்டை அவசரமாக எடுப்பார்கள். ஒன்றும் சரிவராவிட்டால் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போகும். அந்தக் காசோடு கடைக்குப் போகிற பிள்ளையிடம் என்ன தேவைக்கு என்று கேட்டால், "படிக்கத்தான்" என்று பதில் வரும். கடைசியில் ஐ7 ஸ்டிக்கர் ஒட்டின, கீபோட்டில் சிவப்பு வெளிச்சம் எரிகிற, இரண்டரைக் கிலோப் பாரமான ஒரு பெட்டி வீட்டுக்கு வந்து சேரும்.

அந்தப் பெட்டியில் அடுத்த மூன்று நாலு வருசம் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அசைன்மென்ட் ரைப் பண்ணுவார்கள், பிடிஎஃப் வாசிப்பார்கள், சூமில் வகுப்பு நடக்கும், படம் பார்ப்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் பின்னால் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும். மணிக்கணக்கைக் கூட்டிப் பார்த்தால், அந்த லப்டொப் கூட நேரம் செய்கிற வேலை பாடுவதுதான். ஆனால் கடையில் நிண்டு "நான் கூடுதலாப் பாட்டுக் கேக்கத்தான் பாவிப்பன்" என்று சொன்ன ஒராளைக்கூட நான் கண்டதில்லை. சொன்னால் வெட்கம். பாட்டுக் கேட்க ஒரு லப்டொப்பா என்று வீட்டிலும் பேச்சு விழும்.

என்னுடைய பிரச்சினை அந்த வெட்கத்தோடுதான். எதற்குப் பாவிக்கப் போகிறோம் என்பதை மறைத்துக்கொண்டு வாங்கப் போவதால்தான், காசு முழுக்க எங்களுக்குத் தேவையில்லாத இடத்தில் போய் விழுகிறது. தேவையான இடத்துக்கு ஐந்து சதமும் மிஞ்சுவதில்லை.

முதலில் புரொசசரைப் பாப்பம். பாட்டுப் போடுவது ஒரு கொம்பியூட்டருக்கு வேலையே இல்லை. வினாம்ப் வந்தது 1997இல். அந்தக் காலத்துப் பென்டியம் மெசினுகளே எம்பி3 பாடின. சீடித் தரத்தில் இருக்கிற பாட்டு என்றாலும் ஒரு செக்கனுக்கு 1411 கிலோபிற்தான். நல்ல எம்பி3 என்றால் 320. யூடியூப்பில் நாங்கள் கேட்கிற பாட்டு பெரும்பாலும் 128க்கும் 160க்கும் இடையில் நிற்கும். இன்று சந்தையில் கிடைக்கிற ஆகப் பழைய லப்டொப்பும் இதை நித்திரையில் செய்யும். இதற்கு ஐ7 எதற்கு?

சரி, மற்ற வேலைக்கு என்றாலும் அந்தப் பெயரை நம்பக் கூடாது. ஐ7-7500யூ என்ற புரொசசர் 2016இல் வந்தது. அதில் இரண்டு கோர். அடுத்த வருசம் வந்த ஐ5-8250யூவில் நாலு கோர். ஒரே கொம்பனி, ஒரு வருச இடைவெளி. "ஐ7" என்ற பெயரைப் பார்த்து முதலாவதை வாங்கினவர், கூடக் காசு குடுத்துக் குறைந்த சாமானை வாங்கியிருக்கிறார். பார்க்க வேண்டியது அந்தக் கோட்டுக்குப் பின்னால் வருகிற இலக்கத்தை. 8250 என்றால் எட்டாம் தலைமுறை. இன்ரல் மெசின் என்றால் அந்த எட்டை ஞாபகம் வைத்திருங்கோ, பிறகு தேவைப்படும்.

இனி ஸ்டிக்கர் விளையாட்டு. "அண்ணை, சவுண்ட் எப்பிடி?" என்று தப்பித்தவறி ஆரும் கேட்டால், கடைக்காரர் கீபோட் ஓரத்தில் இருக்கிற பெயரைக் காட்டுவார். எச்பி லப்டொப்புகளில் முன்பு பீட்ஸ் ஓடியோ என்று இருந்தது. 2014இல் பீட்ஸை அப்பிள் வாங்கிவிட்டது. அடுத்த வருசம் எச்பி, டென்மார்க்கின் பாங் அண்ட் ஒலுஃப்சன் கொம்பனியோடு ஒப்பந்தம் போட்டது. பெயர் மாறினது. அந்த மெல்லிய பெட்டிக்குள் ஸ்பீக்கருக்கு இருக்கிற இடம் மாறவில்லை. இப்படியான பெயர்களுக்குப் பின்னால் கூடுதலாக இருப்பது, சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிச் சரிக்கட்டுகிற ஒரு மென்பொருள். அது கெட்ட விசயம் இல்லை. அதுக்காகக் காசு கூடக் குடுக்கிறதுதான் கெட்ட விசயம்.

ஏனென்றால் பௌதிகம் ஸ்டிக்கருக்குக் கட்டுப்படாது. அடித்தொனி வேண்டுமென்றால் ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். நகத்தளவு ஸ்பீக்கரால் அது ஏலாது. பேஸ் கிற்றாரின் நாலு கம்பிகளையும் திறந்து மீட்டினால் வருகிற சுரங்கள் எல்லாம் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே. ஆகக் கீழ்க் கம்பி 41 ஹேர்ட்ஸ். சாதாரண லப்டொப் ஸ்பீக்கர் அந்தப் பக்கமே போகாது. மேலே இருக்கிற துணைத்தொனிகளை வைத்து எங்கட மூளைதான் மிச்சத்தை நிரப்பிக்கொள்ளுகிறது. இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் கிற்றார் தனியாக ஒரு மெட்டில் நடந்துகொண்டிருக்கும். லப்டொப் ஸ்பீக்கரில் மட்டும் கேட்டு வளர்ந்த ஒருவர் அந்தப் பாதிப் பாட்டைக் கேட்டதே இல்லை. மிருதங்கத்தில் வலந்தலை கேட்கும், தொப்பி கேட்காது. யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவிலைப் போட்டுப் பாருங்கோ. தகரத்தில தட்டின மாதிரி இருந்தா அது அவற்ற பிழை இல்லை.

ஹெட்போனில் கேட்பவர்களுக்கு ஸ்பீக்கர் ஸ்டிக்கர் எப்படியும் உதவாது. புளூடூத் ஹெட்போன் என்றால் இன்னும் வேடிக்கை. எண்ணை ஒலியாக மாற்றுகிற சில்லும் அதைப் பெருப்பிக்கிற சில்லும் காதுக்குள் இருக்கிற அந்தச் சாமானிலேயே இருக்கின்றன. லப்டொப் தரவை அனுப்புவதோடு சரி. ஒரு லட்சம் ரூபா மெசினும் நாலு லட்சம் ரூபா மெசினும் அதே புளூடூத் ஹெட்போனில் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் பாடும். விதிவிலக்கு ஒன்று உண்டு. அண்மைக்கால மக்புக்குகளின் ஸ்பீக்கர் உண்மையிலேயே நல்லது. ஆனால் அந்த விலைக்கு ஒரு பாவிச்ச லப்டொப்பும் நல்ல ஹெட்போனும் வாங்கலாம் என்றால், நான் இரண்டாவதைத்தான் சொல்லுவன்.

அப்ப என்ன வாங்குறது? என்னுடைய கணக்கு எளிது. ஒதுக்கின காசில் பத்தில் ஒரு பங்கைக் காதுக்கு என்று முதலிலேயே எடுத்து வையுங்கோ. மிச்சத்தோடு கடைக்குப் போங்கோ. பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் ஏறி இறங்கினாலும் சரி, இக்மனில் தேடினாலும் சரி, ஊர்க் கடைக்குப் போனாலும் சரி, அலுவலகங்களுக்கென்று செய்த பாவிச்ச லப்டொப்பைத் தேடுங்கோ. லெனோவோ திங்பாட் டி480, டெல் லற்றிற்றியூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5. மூன்றும் 2018இல் வந்தவை. மூன்றிலும் றாம் போட இரண்டு இடம் உண்டு, கழற்றி மாற்றலாம். கீபோட் உறுதி. ஹெட்போன் துளை இருக்கு. இதே மொடல்களில் 7ஆம் தலைமுறைப் புரொசசரோடு வந்தவையும் உண்டு என்பதால், மொடல் பெயரை மட்டும் பார்த்துத் தலையாட்ட வேண்டாம்.

ஏன் எட்டாம் தலைமுறை? விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொஃப்ற் 2025 ஒக்ரோபர் 14உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11, இன்ரலில் பொதுவாக எட்டாம் தலைமுறையில் இருந்துதான் முறைப்படி ஏறும். ஆறாம், ஏழாம் தலைமுறை மெசின் ஆரும் மலிவாகத் தந்தால் அந்த மலிவுக்கு இது ஒரு காரணம். லினக்ஸ் மின்ற் போடத் துணிவிருந்தால் அதையும் வாங்கலாம், பாட்டுக்கும் படிப்புக்கும் நல்லாவே ஓடும்.

றாம் 8 ஜீபிக்குக் குறைய வேண்டாம். எஸ்எஸ்டி கட்டாயம். பழைய சுழலும் ஹாட் டிஸ்க் மெதுவானது மட்டுமில்லை, அமைதியான பாட்டுக்கு நடுவில் அதன் கிறுகிறுப்பும் கேட்கும். புதுசு, வொறன்ரி இருக்கு என்று சொல்லி செலரோன் புரொசசர், 4 ஜீபி றாம், 64 ஜீபி சேமிப்பு உள்ள மெசினைத் தந்தால் கும்பிட்டுவிட்டு வெளியே வாங்கோ. அதில் பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்தால் பாட்டே திக்கும்.

கேமிங் மெசினையும் விடுங்கோ. நான் சொன்ன அலுவலக மெசினுகளின் புரொசசர் 15 வாற்றுக்கு வடிவமைக்கப்பட்டது. கேமிங் மெசினில் அது 45, அதற்கு மேல் கிராபிக்ஸ் கார்ட் வேறு. அந்தச் சூட்டை வெளியே தள்ள ஃபான் இரையும். நீங்கள் பாட்டுக் கேட்கிற மெசினே பாட்டுக்கு எதிரியாக நிற்கும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த நாட்டில், பற்றறி தாங்காத மெசினுக்குக் காசைக் கொட்டுவது என்ன புத்தி?

பாவிச்ச சாமான் என்றால் ஏமாத்திப் போடுவாங்கள் என்ற பயம் நியாயமானது. ஆனால் நாங்கள் மோட்டார் சைக்கிளைப் பாவிச்சுத்தான் வாங்குகிறோம். எஞ்சின் சத்தம் கேட்கத் தெரிந்த ஒராளைக் கூட்டிக்கொண்டுதானே போகிறோம்? லப்டொப்பையும் அப்படிப் பாருங்கோ. பற்றறி றிப்போட் எடுக்கச் சொல்லுங்கோ. விண்டோஸிலேயே அந்த வசதி இருக்கு. செய்த நேரத்துக் கொள்ளளவு, இப்ப நிறைகிற கொள்ளளவு என்று இரண்டு எண் வரும். இரண்டாவது முதலாவதின் பாதி என்றால் புதுப் பற்றறியின் விலையைக் கழிக்கச் சொல்லுங்கோ. பயோஸுக்குப் பாஸ்வேட் போட்டிருக்கா என்று பாருங்கோ, இருந்தால் வேண்டாம். பில் இல்லாமல் காசு குடுக்க வேண்டாம்.

உங்கட ஹெட்போனையும் கையோடு கொண்டுபோங்கோ. ஒருத்தரும் செய்யாத சோதனை இதுதான். சத்தம் குறைந்த ஒரு பாட்டைப் போட்டு, சார்ஜர் குத்தாமல் ஒருக்கா, குத்திப்போட்டு ஒருக்காக் கேளுங்கோ. குத்தின உடன் இரைச்சல் வந்தால், அந்த ஹெட்போன் துளையில் பிழை இருக்கலாம், இல்லை எர்த் சரியில்லாமல் இருக்கலாம். இரைச்சல் வராவிட்டால் வேறு ஒன்றும் வாங்கத் தேவையில்லை. வந்தால் யூஎஸ்பியில் குத்துகிற ஒரு சின்ன ஒலிமாற்றி பெரும்பாலும் போதும். அப்பிளின் யூஎஸ்பி-சி ஹெட்போன் வயர் அமெரிக்காவில் 9 டொலருக்கு வந்தது, விண்டோஸ் மெசினிலும் வேலை செய்யும். போலியும் இருக்கு, கவனம்.

காதுக்கு ஒதுக்கின மிச்சத்தை வயர் உள்ள ஒரு நல்ல ஹெட்போனுக்குப் போடுங்கோ. அதுக்கு முதல் வீட்டு மூலையை ஒருக்காப் பாருங்கோ. வெளிநாட்டில் இருந்து வந்த ஒரு பழைய செட், சீடி பாடாமல், மேலே துணி போட்டுக் கிடக்கும். பின்னால் ஓக்ஸ் துளை இருந்தால் ஒரு வயர் போதும். அந்த ஸ்பீக்கருக்குக் கிட்ட உங்கட லப்டொப் ஸ்பீக்கர் ஒண்டும் வராது.

எஞ்சினியரிங் படிக்கிறவர், கட்டடக்கலை படிக்கிறவர், வீடியோ எடிற் பண்ணி உழைக்கிறவர் என்னோடு சண்டைக்கு வரலாம். அவர்களுக்குப் பெரிய மெசின் தேவைதான், வாங்கட்டும். அவர்கள் தேவையைச் சொல்லி வாங்குகிறார்கள். நான் கேட்பது மற்றவர்களும் அதைச் செய்ய வேண்டும் என்றுதான்.

பாட்டு என்ன பெரிய தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 1990இல் தொடங்கின பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றறியும் வரவில்லை. சனம் சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுத்தி, டைனமோவில் ரேடியோ கேட்டது. செய்திக்கு மட்டுமில்லை, பாட்டுக்கும் சுத்தினது. மண்ணெண்ணெய்க்கு அலைந்த நாளிலும் அதை ஆடம்பரம் என்று விடவில்லை. அந்த வீடுகளில் வளர்ந்த பெற்றோர்தான் இன்றைக்கு எங்களுக்கு லப்டொப் வாங்கித் தருகிறார்கள். அவர்களிடம் பாட்டுக் கேட்க என்று சொல்ல நாங்கள் ஏன் கூச வேண்டும்?

2022இல் சில மாதத்துக்குள் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 வரை போனது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. இந்த விலைவாசியில் பெயருக்கும் ஸ்டிக்கருக்கும் குடுக்கிற காசு ஆரோ ஒருத்தரின் ஓவர்டைம், ஆரோ ஒருத்தரின் சங்கிலி.

கடைக்காரரை விட எனக்குக் கோபம் கம்பஸ் சீனியர்மார் மேல்தான். புதுசாய் வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது உங்களிடம். நீங்கள் யோசிக்காமல் "ஐ7 எடு, பிறகு கவலைப்படாய்" என்று சொல்லி அனுப்புகிறீர்கள். அடுத்த முறை மொடல் பெயர் சொல்ல முதல் ஒரு கேள்வி கேளுங்கோ: "நீ என்ன பாட்டுக் கேக்கிறனீ, எதில கேக்கிறனீ?"