சனிக்கிழமை இரவா, ஞாயிறு விடியலா?



நள்ளிரவுக்குப் பின் புறப்படும் வண்டிக்கு முன்பதிவு செய்ய வருவோரிடம் நாம் தவறாமல் கூறும் எச்சரிக்கை ஒன்று உண்டு. "19ஆம் தேதி வண்டி என்றால் 18ஆம் தேதி இரவே நிலையத்துக்கு வந்துவிட வேண்டும், தேதியை நன்கு பார்த்துக்கொள்ளுங்கள்" என்போம். ஊராருக்கெல்லாம் இதனை உபதேசிக்கும் நாமே, 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் அதே பள்ளத்தில் விழுந்தெழுந்தோம். அக்கதையைக் கேளுங்கள்.

அம்மாதம் 18ஆம் தேதி, சனிக்கிழமை இரவு, ரியாத் நகரில் டைசன் ஃபியூரியும் ஒலெக்சாண்டர் உசிக்கும் ஹெவிவெயிட் பட்டத்துக்காக மோதுவதாக இருந்தது. 1999இல் லெனாக்ஸ் லூயிஸ் அடைந்த நிலையை, அதாவது முக்கியப் பட்டங்கள் அனைத்தையும் ஒருங்கே பெற்ற நிலையை, அதற்குப்பின் அப்பிரிவில் அதுவரை எவரும் எட்டியிருக்கவில்லை. ஆகவே, நாகபுரியில் நமது குடியிருப்பிலும் நாள் எண்ணிக் காத்திருந்தோர் சிலர் இருந்தனர். அவர்களுள் முதல்வர், மகனுடன் வசிக்க வந்திருக்கும் ராயபுரத்துப் பெரியவர். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் இறங்கியபோது நேரில் கண்டவர் அவர்.

முதலில் பிப்ரவரி 17 என்றே நாள் குறித்திருந்தார்கள். பயிற்சியின்போது ஃபியூரியின் கண்ணருகே வெட்டுக்காயம் பட்டதால் போட்டி தள்ளிப்போயிற்று. நாம் சோர்ந்தோம், பெரியவர் சோரவில்லை. "தம்பி, 1974லும் இப்படித்தான்" என்று தொடங்கினார்.

அவ்வாண்டு செப்டம்பர் 25 அன்று கின்ஷாசாவில் அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதவேண்டியவர்கள். ஃபோர்மனின் கண்மேல் காயம் பட்டது. போட்டி அக்டோபர் 30க்குப் போயிற்று. அன்று அது தொடங்கியது எப்போது என்று எண்ணுகிறீர்கள்? அவ்வூர்க் கடிகாரப்படி விடியற்காலம் 4 மணி! அமெரிக்காவின் கிழக்குக் கரையில் முந்தின நாள் இரவு 10 மணி. அங்கே அரங்குகளில் திரைமுன் கட்டணம் செலுத்தி அமர்ந்தோரின் வசதிக்காகவே அந்நேரம் குறிக்கப்பட்டது. நமக்கோ காலை 8.30. நாளிதழ்கள் அச்சாகி வீடுவந்து சேர்ந்த நேரம். எட்டாம் சுற்றில் ஃபோர்மன் சாய்ந்த செய்தியை அறியப் பெரியவர் வானொலி ஒலித்த தேநீர்க் கடையில் காத்துக் கிடந்தாராம்.

மறு ஆண்டு அக்டோபர் 1 அன்று மணிலாவில் அலியும் ஜோ ஃபிரேசியரும் மோதியது காலை 10 மணிக்கு மேல், கொடும் வெப்பத்தில். அதற்கும் காரணம் அமெரிக்க இரவுதான். பதினான்கு சுற்றுகள் முடிந்ததும், ஃபிரேசியரின் பயிற்சியாளர் எடி ஃபட்ச் அவரை மேலும் ஆட விடாமல் நிறுத்தினார். பணம் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்க் கடிகாரமே செல்லும். வருந்துவது சண்டையிடுவோரின் உடல். இரவுப் பணி பார்க்கும் நமக்கு இதனை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இனி நமது பிழைக்கு வருவோம். ரியாத் போட்டி நமக்கு விடியற்காலம் மூன்று மணிக்கு மேல் என்று சரியாகவே கணக்கிட்டோம். ஆனால், 18ஆம் தேதி விடியற்காலம் என்று கொண்டுவிட்டோம்! வெள்ளி இரவுப் பணியை நண்பருக்குத் தந்து, அவருடைய சனி இரவுப் பணியை ஏற்றுக்கொண்டோம். ரயில்காரர் கணக்குத் தப்பாது என்று நம்பிப் பெரியவரும் மற்றவரும் நம் வீட்டில் கூடினர். நம் இல்லாள் காப்பி கலந்தாள். திரையிலோ, இரு வீரர்களுக்கும் எடை பார்த்த செய்தி மட்டுமே வந்தது. நம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

பெரியவர் சிரித்தார். "போகட்டும் தம்பி, ஒருநாள் முன்னால் வந்தவனுக்கு வண்டி தவறாது" என்றார்.

அவருக்குத் தவறவில்லை; நமக்குத்தான் தவறிற்று. மறுநாள் அந்நேரத்தில் நாம் நிலையத்தில் கடமையில் இருந்தோம். உறக்கம் கெடக்கூடாதென்று மருத்துவர் சொல்லியிருந்தும், இரண்டாம் இரவும் விழித்திருந்த பெரியவர், பணி முடிந்து நாம் வெளியே வந்தபோது வாயிலில் நின்றார். கையில் காப்பிக் குடுவை. ஒன்பதாம் சுற்றில் ஃபியூரி தள்ளாடியதையும், நடுவர் எண்ணியதையும், நீதிபதிகள் மூவருள் இருவர் உசிக்குக்கு வெற்றி தந்ததையும் சுற்றுச் சுற்றாகச் சொன்னார். 1974இல் அவர் வானொலிக்குக் காத்திருந்தார். 2024இல் நமக்கு அவரே வானொலியானார்.

அன்பர்கள் இக்கணக்கைக் குறித்துக்கொள்ளலாம். லண்டனில் இரவு 10 மணி எனில் நமக்குக் கோடையில் மறுநாள் விடியற்காலம் 2.30, குளிர்காலத்தில் 3.30. லாஸ் வேகாஸில் இரவு 8 மணி எனில் கோடையில் மறுநாள் காலை 8.30, குளிர்காலத்தில் 9.30. கோடையில் அந்நாட்டார் கடிகாரத்தை ஒருமணி முன்தள்ளுவதே இவ்வேறுபாட்டின் காரணம். நம் நாட்டில் அவ்வழக்கம் இல்லை. இரண்டிலும் "மறுநாள்" என்ற சொல்லே முக்கியம். மணியைக் கணக்கிட்ட பின் தேதியையும் ஒருமுறை பாருங்கள். அதன் பின்னரே அண்டை வீட்டுப் பெரியவரை எழுப்புங்கள்.