எழுதியவரே பாட வேண்டும்

‘பேட்டை ராப்’ பாட்டை எழுதியவர் இயக்குநர் ஷங்கர். பாடியவர்கள் சுரேஷ் பீட்டர்ஸ், தேனி குஞ்சரம்மாள், ஷாகுல் ஹமீது. இசை ஏ.ஆர்.ரஹ்மான். திரையில் வாயசைத்து ஆடியவர் பிரபுதேவா. 1994இல் ‘காதலன்’ வந்தபோது எங்களுக்கு இதில் எந்த விசித்திரமும் தெரியவில்லை. சினிமாப் பாட்டு என்றால் அப்படித்தானே? ஒருவர் எழுதுவார், இன்னொருவர் பாடுவார், மூன்றாமவர் வாயசைப்பார், கைதட்டல் மூன்றாமவருக்குப் போகும்.

அந்த நாளில் கேசட் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்தால் பாட்டுகளைப் பதிந்து தருவார்கள். என் பட்டியலில் ‘பேட்டை ராப்’ ஏ பக்கத்திலும் இருக்கும், பி பக்கத்திலும் இருக்கும். மெட்ராஸ் பாஷை பாதி புரியாது; பென்னாகரம் பக்கம் யார் அப்படிப் பேசினார்கள்? மூச்சுவிடாமல் ஒரு ஆள் பேசிக்கொண்டே போவதும், அந்தப் பேச்சு பிசகாமல் தாளத்தில் வந்து விழுவதும்தான் பிடித்திருந்தது.

தாளத்தில் விழும் பேச்சு எங்கள் தருமபுரி மாவட்டத்துக் காதுக்குப் புதிதும் இல்லை. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரியில் தெருக்கூத்து. திரைக்குப் பின்னால் வேஷம் வந்து நிற்கும். வந்திருப்பது யார், எந்த நாடு, என்ன பெருமை என்று கட்டியங்காரன் கேட்பான். துரியோதனன் தன் குலத்தையும் வீரத்தையும் தானே அடுக்கிப் பாடி, ஆடி, அப்புறம்தான் சபைக்கு வருவான். ராப் பாடகர்கள் தங்களைத் தாங்களே புகழ்ந்துகொள்வதைக் கேட்டு நகரத்து நண்பர்கள் முகம் சுளித்தபோது எனக்கு அது உறுத்தவே இல்லை. துரியோதனன் செய்யாததையா செய்துவிட்டார்கள்? ஆனால் ஒன்று. துரியோதனன் பேசுவது துரியோதனனுடைய பேச்சு. உள்ளூர்த் தலைவரையும் ரேஷன் கடையையும் வாரிவிட்டு, அன்றைய ஊர் நடப்பைத் தன் வாயால், தன் சரக்காகப் பேசுகிறவன் கட்டியங்காரன் மட்டும்தான். கூத்தில் எனக்கு எப்போதும் பிடித்த ஆள் அவன்.

ஹிப் ஹாப் பிறந்த கதையை வெகுநாள் கழித்துத்தான் படித்தேன். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பையன் ஒருவன், தங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் இசைத்தட்டுப் போட்டு விருந்து வைத்தான். டிஜே கூல் ஹெர்க் என்று உலகம் பிற்பாடு சொன்னது அவனைத்தான். விருந்தை ஏற்பாடு செய்தவள் அவன் தங்கை. பள்ளிக்கூடம் திறக்கும் முன் புதுத்துணி வாங்கக் காசு வேண்டியிருந்தது. பாட்டில் வெறும் தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்குத்தான் கூட்டம் ஆவேசமாக ஆடுகிறது என்று ஹெர்க் கவனித்தான். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, ஒன்று முடிந்ததும் மற்றொன்று என்று அந்தச் சில நொடிகளை நிமிடக்கணக்கில் நீட்டினான். அந்தத் தாளத்தின் மேல் மைக்கைப் பிடித்துப் பேசினார்கள். அதுதான் ராப். வாத்தியம் வாங்கக் காசில்லாத ஒரு பேட்டையில், கையில் கிடைத்ததை வைத்துச் செய்த இசை.

தமிழில் இது தன் காலில் நின்றது மலேசியாவில். 2006இல் யோகி பி & நட்சத்ராவின் ‘வல்லவன்’ ஆல்பம் வந்தது: யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் என மூன்று பேர். அதிலிருந்த ‘மடை திறந்து’ எங்கள் ஊரைப் பிடித்து ஆட்டியது. ‘நிழல்கள்’ படத்துக்கு 1980இல் வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி.பி. பாடிய பாட்டுதான் அதற்கு அடிமண். அதன் மேல் இவர்கள் தங்கள் வரிகளை, தங்கள் குரலில், தங்கள் முகத்தோடு வைத்தார்கள். எழுதியவர்களே பாடினார்கள், பாடியவர்களே வீடியோவில் வந்தார்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் வந்த பையன்களின் மெமரி கார்டுகளில் அது ஊர் ஊராகப் பரவியது. எந்தப் படம் என்று அவர்களிடம் கேட்டால் படமே இல்லை என்பார்கள். அப்போது அதை ஒரு குறையாகத்தான் சொன்னார்கள்.

சினிமா சும்மா இருக்குமா? அடுத்த ஆண்டே ‘பொல்லாதவ’னில் யோகி பி வந்துவிட்டார். 2011இல் ‘ஆடுகளம்’. அதற்குப் பின் ராப் என்பது நாயகன் நடந்து வரும்போது பின்னால் ஓடும் இருபது விநாடியாகச் சுருங்கிப்போனது. பாட்டுக்கு நடுவில் ஓர் ஆள் வேகமாக ஏதோ சொல்வார், கொஞ்சம் ஆங்கிலம் கலப்பார், பல்லவி திரும்ப வந்ததும் காணாமல் போவார். பிரியாணியில் கிராம்பு கடித்தால் ஒதுக்கி வைப்போமே, அந்த இடம்தான். சில ஆண்டுகள் நான் ராப் கேட்பதையே விட்டுவிட்டேன்.

இடையில் கோவையிலிருந்து ஆதியும் ஜீவாவும் ‘ஹிப்ஹாப் தமிழா’ என்று வந்தார்கள். 2011இல் ‘கிளப்புல மப்புல’ பண்பலையிலும் யூடியூபிலும் பறந்தது. பெண்கள் குடிப்பதைப் பற்றி ஆண்கள் உபதேசம் செய்யும் பாட்டு. தாளம் நன்றாக இருந்தது, உபதேசம் சகிக்கவில்லை. 2012இல் ‘ஹிப் ஹாப் தமிழன்’ ஆல்பம். ஆதியின் உழைப்பைக் குறை சொல்ல முடியாது. ‘மீசைய முறுக்கு’ படத்தில் எழுதி, இயக்கி, இசையமைத்து, நடிக்கவும் செய்தார். எழுதுபவர், பாடுபவர், வாயசைப்பவர் மூவரையும் ஒரே ஆளாக்கினார். ஆனால் அந்த ஆல்பம் வந்த 2012இல்தான், நவம்பர் 7ஆம் தேதி, எங்கள் மாவட்டத்தில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் காலனிகள் எரிந்தன. சாதி மாறி நடந்த ஒரு கல்யாணத்துக்குப் பழியாக இருநூற்றுக்கும் மேற்பட்ட தலித் வீடுகள் சூறையாடப்பட்டன. அன்றைக்கு எங்கள் ஊர்ப் பையன்களின் போனில் இருந்த ராப்பில் தமிழன் என்ற பெருமை நிறைய இருந்தது. எந்தத் தமிழன் எந்தத் தமிழனின் வீட்டைக் கொளுத்தினான் என்ற பேச்சு இல்லை.

அந்தப் பேச்சு வர ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனது. 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம். பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவை மேடையேற்றினார்கள். கானாவும் பறையும் கிட்டாரும் ராப்பும் ஒரே மேடையில். கானா பாட இசைவாணி, ராப்புக்கு அரக்கோணத்து அறிவு. இட ஒதுக்கீட்டைப் பற்றி, மாட்டுக்கறியைப் பற்றி, கையால் மலம் அள்ளும் கொடுமையைப் பற்றித் தாளத்தோடு பேசினார்கள். அதே ஆண்டு ‘காலா’வில் தாராவியின் தமிழ்ப் பையன்களான டோப்அடெலிக்ஸ் வந்தார்கள், தங்கள் பேட்டையைப் பற்றிய படத்தில் தாங்களே தோன்றிப் பாடினார்கள். 2019இல் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் ‘தெருக்குரல்’ போட்டார்கள்.

அறிவைக் கேட்டபோதுதான் வேகத்தைக் கவனிப்பதை என் காது நிறுத்தியது. அவரை விட வேகமாகப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர் வரியை இன்னொருவர் வாயில் வைத்துப் பார்த்தால் செத்துவிடும். கண்ணதாசன் பாட்டை டி.எம்.எஸ். பாடி, எம்.ஜி.ஆரும் சிவாஜியும் வாயசைக்கலாம். அந்தக் கலையின் அழகே அதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ராப் அந்த வகையே கிடையாது. யார் சொல்கிறார் என்பதைக் கழித்துவிட்டால் அதில் மிஞ்சுவது எதுகை மட்டும்.

2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யை நினைத்துப் பாருங்கள். அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையும், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்த் திரும்பியவர்களின் கதையும் அதற்குள் இருக்கின்றன. பாடகி தீயும் அறிவும் பாடினார்கள், சந்தோஷ் நாராயணன் இசை. உலகமே கேட்டது. அந்த ஆகஸ்டில் ஒரு பத்திரிகையின் இந்தியப் பதிப்பு ‘எஞ்சாய் எஞ்சாமி’யையும் ‘நீயே ஒளி’யையும் கொண்டாடி அட்டைப்படம் போட்டது. தீ இருந்தார், ‘நீயே ஒளி’ பாடிய ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார். இரண்டு பாட்டுக்கும் வரிகள் எழுதிய அறிவு இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகு டிஜிட்டலில் அவருக்கு ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டு. தீயுடன் பாடகி கிடாக்குழி மாரியம்மாள் மேடையேறினார், அறிவு அங்கே இல்லை. அவர் தன் மனக்குறையை வெளிப்படையாக எழுதினார். தீயும் சந்தோஷும் அறிவுக்குரிய இடத்தை எங்கும் மறைக்கவில்லை என்று பதில் சொன்னார்கள். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே, அந்தப் பாட்டால் தங்களில் யாருக்கும் ஒரு பைசா வரவில்லை என்றார். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று அளக்க நான் வரவில்லை. எழுதியவர் இல்லாமலே ராப்பை மேடையேற்றிவிடலாம் என்று நாம் இன்னும் நம்புகிறோமே, அது முப்பது வருஷத்துச் சினிமாப் பழக்கம்.

என் அண்ணன் மகனுக்கு இந்தப் புலம்பல் எதுவும் ஒத்துவராது. அவனுக்குப் பிடித்த ராப் பாடகர்கள் பால் டப்பா, அசல் கோளார். "நீங்க பேப்பர் படிக்கிற மாதிரி பாட்டு கேக்கறீங்க, சித்தப்பா" என்கிறான். கொஞ்சம் உண்மைதான். பால் டப்பாவின் சொல் தாளத்துக்கு முன்னும் பின்னும் வழுக்கி விழுகிற நேர்த்தி எனக்கும் பிடிக்கிறது. அதில் செய்தி எங்கே என்று தேடுவது வீண் வேலை. ‘பிரதர்’ படத்து ‘மக்காமிஷி’யை அவரே எழுதி அவரே பாடியிருக்கிறார். வாயசைப்பதுதான் இன்னும் நாயகன்.

பையனும் எழுதுகிறான். போனில் ஒரு பீட்டை இறக்கிக்கொண்டு, ராத்திரியில் போர்வைக்குள் பதிவு செய்கிறான். எல்லாம் வடசென்னைப் பேச்சில். சென்னைக்கு அவன் இரண்டு முறை போயிருந்தால் அதிகம். ஏன்டா நம் பேச்சில் எழுதக் கூடாது என்றால், "பட்டிக்காடுன்னு சிரிப்பாங்க சித்தப்பா" என்றான். ஆனால் ஒன்றை மட்டும் நம் பேச்சிலேயே எழுதி வைத்திருக்கிறான். பாலக்கோடு மண்டியில் தக்காளி விலை விழுந்த நாளில், அவன் அப்பா பெட்டிகளை ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்ததைப் பற்றி. வண்டி வாடகைகூடத் தேறவில்லை என்பது வரை அதில் இருக்கிறது. அதை எங்கேயும் போடவில்லை. ஏனென்று நான் கேட்கவும் இல்லை.

போன மாதம் அவன் கல்லூரிக் கலைவிழாவில் ராப் போட்டி. விண்ணப்பத்தில் பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் ‘படத்தின் பெயர்’ என்று ஒரு கட்டம்; அதை நிரப்பாமல் பெயர் கொடுக்க முடியாதாம். கடைசியில் ஏதோ ஒரு நாயகனின் அறிமுகப் பாட்டைப் பாடி மூன்றாம் பரிசு வாங்கி வந்தான்.

நம் மாவட்டத்தில் கல்லூரி விழா நடத்துகிறவர்களுக்கு, கோயில் திருவிழாவில் ஆர்கெஸ்ட்ரா வைக்கிறவர்களுக்கும் சேர்த்து, ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டத்தை அடித்துவிடுங்கள். சொந்தப் பாட்டு என்று ஒரு பிரிவு வையுங்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் மைக் கொடுங்கள். ஒரே ஒரு விதி போதும்: எழுதியவரே பாட வேண்டும்.