ரிப்போர்ட் நார்மல்... ஆபத்து நீங்கிவிட்டதா?

"ரத்தப் பரிசோதனை நார்மல்னு வந்துடுச்சே, இன்னும் ஏன் வீட்டுக்கு அனுப்ப மாட்டேங்கிறீங்க டாக்டர்?"

எலி பேஸ்ட் வயிற்றுக்குள் போய், மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவரின் குடும்பத்தினருக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பு. ஆனால், அவசரப்பட்டு வீட்டுக்கு அழைத்துப் போவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

எலி பேஸ்ட்டில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். தமிழக அரசு இதைத் தடை செய்துவிட்டது. ஆனாலும், பழைய ட்யூப் வீட்டில் எங்காவது கிடக்கலாம். டூத் பேஸ்ட் என்று நினைத்துப் பல் தேய்ப்பதும், எலிக்கு வைத்த தக்காளியைக் குழந்தை எடுத்துத் தின்பதும் நடக்கக்கூடியவையே.

முதல் நாள் வாந்தி, வயிற்றுவலி இருக்கலாம். பிறகு ஓரிரு நாள் எல்லாம் சரியானதுபோலத் தெரியும். இதுதான் ஏமாற்றும் காலம். உள்ளே கல்லீரல் சிதைய ஆரம்பித்திருக்கும். அதனால்தான் திரும்பத் திரும்ப ரத்தம் எடுக்கிறார்கள்.

என்ன பார்க்கிறார்கள்?

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.: கல்லீரல் செல்லுக்குள் இருக்கும் என்சைம்கள். செல் உடைந்தால் ரத்தத்தில் கலக்கும். வழக்கமாகச் சுமார் 40-க்குள் இருப்பது, நூறுகளையும் ஆயிரத்தையும் தாண்டலாம்.

பிலிரூபின்: வழக்கமாக 1-ஐ ஒட்டி இருக்கும். இது ஏறினால் கண் மஞ்சளாகும்.

ஐ.என்.ஆர்.: ரத்தம் உறையத் தேவையான புரதங்களைக் கல்லீரல்தான் தயாரிக்கிறது. அந்த வேலை தடைபட்டால், 1-ஐ ஒட்டி இருக்கவேண்டிய இந்த எண் ஏறும். மருத்துவர்கள் அதிகம் கவலைப்படுவது இதைப் பார்த்துத்தான்.

எஸ்.ஜி.பி.டி. குறைந்துவிட்டதென்று உடனே நிம்மதி அடைய முடியாது. ஓட்டைக் குடம் ஒழுகுவது நின்றால், ஓட்டை அடைபட்டிருக்கலாம். குடமே காலியாகியும் இருக்கலாம். எஸ்.ஜி.பி.டி. இறங்கும்போது ஐ.என்.ஆரும் பிலிரூபினும் ஏறினால், சிதைவதற்குக்கூட செல்கள் மிச்சமில்லை என்று அர்த்தம்.

இந்த விஷத்துக்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. சீக்கிரம் போனால், பிளாஸ்மா மாற்று சிகிச்சை போன்றவற்றை உரிய நேரத்தில் தொடங்கலாம். நிலைமை கைமீறினால் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

விழுங்கியது கொஞ்சம்தான் என்றாலும் உடனே 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், எண்ணெய் கொடுக்காதீர்கள். ட்யூபைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மன வேதனையில் தெரிந்தே சாப்பிட்டிருந்தால், கௌரவம் பார்த்து மறைக்காமல் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். அவரைத் திட்டாதீர்கள்; பக்கத்திலேயே இருங்கள். மனம்விட்டுப் பேச 104 உதவி எண் இருக்கிறது.

மருத்துவர் 'போகலாம்' என்று சொல்லும்வரை, ஒரு நாள் ரிப்போர்ட்டை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்!